பாதி உரிந்த பக்கிள்

மாதனூரைத் தாண்டியதும் செருப்பின் வார் அறுந்தது. ஊர் முழுக்க ஷூ தைக்கும் ஆம்பூரிலிருந்து வருகிறவன் அறுந்த செருப்போடு நடுரோட்டில் நிற்கிறானே என்று சிரிக்கலாம். சிரியுங்கள். நான் இரண்டையும் கழற்றி ரோட்டோரப் புளியமரத்தடியில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. எங்கள் வீட்டில் எதையும் ஜோடி பிரித்துப் போடும் பழக்கம் இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். எனக்குப் பதினான்கு வயது. மொட்டையடித்த தலையில் முடி முளைத்துக் கம்பளிப்பூச்சி போல நின்றது. இடது கன்னத்தில் மாமாவின் கை விழுந்த இடம் இன்னும் சுட்டது. கால்சட்டைப் பையில் ஒரே ஒரு பக்கிள் இருந்தது. பெண்களின் ஷூவில் அழகுக்கு வைக்கிற அகலமான சதுர பக்கிள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. நடக்க நடக்க அது தொடையில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் ‘என் கை இல்ல, என் கை இல்ல’ என்று சொல்லிக்கொண்டே பள்ளிகொண்டா பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சாலை நினைவிருக்கும். நான்கு வழி ஆவதற்கு முன்னால் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் மண்ணில் இறங்கி வழிவிட வேண்டிய சாலை. இருபுறமும் புளியமரங்கள். பிறகு வெட்டிவிட்டார்கள். அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. அந்த மரத்தடியில் யாரும் எனக்குச் சோறு போடவில்லை. நிழல் இருந்தது, அவ்வளவுதான். ஆம்பூர் என்றதும் நீங்கள் பிரியாணி வாசனையை எதிர்பார்ப்பீர்கள். அன்று நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவும் மாட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். டேனரியில் ஸ்ப்ரே கன் பிடித்தவர். பதப்படுத்திக் காயவைத்த தோலுக்கு நிறம் அடிக்கும் வேலை. அவர் அடித்த தோலில் எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். டேனரி மூடப்பட்டபோது பழைய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டார். ஒரு ஷூ கம்பெனி அவருக்கு பக்கிள் வேலை கொடுத்தது. எடை கம்மியாக இருக்க வேண்டும் என்று பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே குரோம் முலாம் பூசிய பக்கிள்கள். எங்கள் ஊரில் அதுவரை குரோம் என்றால் தோல் ஊறும் நீலத் தண்ணீர்தான். இந்தக் குரோமில் முகம் பார்க்கலாம். மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய பிறகு, ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரன் வெள்ளி வேண்டாம், கறுப்பு வேண்டும் என்றானாம். வந்ததை வீணாக்காமல் அதன்மேலேயே கறுப்பு அடிக்கச் சொன்னார்கள்.

நான் ஒன்பதாவதில் பெயில் ஆகியிருந்தேன். அப்பா வீட்டை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. “தெருத்தெருவா சுத்தறதுக்கு உன் ஷெட்டுல கெடக்கட்டும்ணா” என்று அம்மா என்னை மாமாவிடம் விட்டாள். பக்கிளைத் துணியால் துடைத்துக் கம்பிக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. அடித்துக் காய்ந்ததை அத்தை கழற்றிப் பெட்டியில் அடுக்குவாள். பள்ளி விட்டதும் தங்கச்சி வந்து மூலையில் விளையாடுவாள்.

ஷெட்டுக்குள் நுழைய ஒரு சட்டம் இருந்தது. மோதிரம், வளையல், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். நகம் வளர்க்கக் கூடாது. டேனரியில் நிறம் அடிக்கும் அறையில் அப்படித்தான். ஒரு சாவி உரசினால் போதும், முதல் தரத் தோல் மூன்றாம் தரமாகிவிடும். அத்தை தினமும் கண்ணாடி வளையலைக் கழற்றிப் போடும்போது முணுமுணுப்பாள்.

“தாலி ஒண்ணுதான் பாக்கி. அதயும் கழட்டி டப்பால போட்டுட்டா நிம்மதியா இருப்பேன்.”

“போடு, பாத்துக்கலாம்” என்பார் மாமா, கன்னில் காற்றைச் சரிபார்த்துக்கொண்டே.

அவர் அடிப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். அதை மறுக்க மாட்டேன். கை தோளிலிருந்து நகரும், மணிக்கட்டு அசையாது. புகை மாதிரி நிறம் போய் உட்காரும். பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் வாசனை மூக்கின் உச்சியில் ஏறி இனிக்கும். கம்பியில் வரிசையாகத் தொங்கும் வெள்ளி பக்கிள்கள் ஒரு நொடியில் நாவல்பழம் மாதிரி ஆகிவிடும். அவ்வளவு அழகாக இருந்தவைதான் உரிந்தன.

முதலில் தோலுக்கு அடிக்கும் லாக்கரையே அடித்தார். அது பாலாடை மாதிரி எழும்பி வந்தது. பிறகு வேலூர் போய் வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட் வாங்கிவந்தார். அது சில நாள் நின்றது. ஷூவில் தைத்து வாரை வளைத்ததும் வெங்காயத்தோல் போல விட்டுவிட்டது. அப்புறம் பெயிண்டுக்கு அடியில் பிரைமர் அடித்தார். அப்போது பிரைமரும் பெயிண்டும் ஒற்றுமையாகச் சேர்ந்து உரிந்தன. கம்பெனி சூப்பர்வைசர் ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். கட்டைவிரலால் பக்கிளை ஒரு தேய்ப்பு தேய்த்து, விரலில் ஒட்டிய கறுப்புச் செதிலை மாமாவிடம் காட்டினார்.

“அண்ணே, கப்பல்ல போற ஷூவுண்ணே இது. வெள்ளக்காரி காலெல்லாம் கரியாவணுமா?”

மாமா பெயிண்ட் கடை பாயிடம் போய்க் கேட்டார். எண்ணெய் பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது என்று பாய் சொன்னார். அது உண்மை. இன்றைக்கும் யாராவது கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மாமா, பக்கிளைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். காலையில் அம்மா தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட தலை.

“இதான். தலையில எண்ணெ, தலைய சொறியற, அதே கையால பக்கிள தொடற.”

“நான் சொறியல மாமா.”

“இப்பக்கூட சொறியறடா.”

சொறிந்துகொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கே மொட்டை. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே “எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?” என்றார். “ஷெட்டுக்கு” என்றார் மாமா. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் தெருவில் யாரும் மொட்டையடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு “திருப்பதியா, பழனியாடா?” என்று தலையில் தாளம் போட்டார்கள். ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, அம்மாவை ஓரமாக அழைத்துப் “பிள்ளைக்கு டைபாய்டா?” என்று விசாரித்தார். “ஆமாங்க” என்றாள் அம்மா. அந்த வாரம் எனக்கு வராத காய்ச்சலுக்காக மூன்று வீடுகளிலிருந்து கஞ்சி வந்தது. குடித்தேன்.

மொட்டைக்குப் பிறகு அடித்ததும் உரிந்தது. “உள்ளங்கையில ஊறிக் கெடக்குது, சீக்கிரம் போவாது” என்றார் மாமா. காலையும் மாலையும் தின்னரில் கை கழுவச் சொன்னார். கழுவினேன். விரல் இடுக்குகள் வெளுத்து வெடித்தன. சாப்பிடும்போது ரசம் பட்டால் எரியும். அப்போதும் உரிந்தது. பிரெட் வரும் பிளாஸ்டிக் கவரை இரண்டு கைகளிலும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டார்கள். உள்ளே வியர்த்து, கவர் முழுக்க ஆவி படிந்து, நான் தொடுவது எது என்று எனக்கே தெரியாது. அப்படித் துடைத்து மாட்டியதும் உரிந்தது.

இங்கேதான் உங்களை ஒரு நிமிடம் நிறுத்த விரும்புகிறேன். எண்ணெய் போயிற்று, முடி போயிற்று, கையே கவருக்குள் போயிற்று. அப்புறமும் உரிகிறது என்றால் என்ன முடிவுக்கு வரவேண்டும்? இந்தப் பையன் காரணம் இல்லை என்றுதானே? மாமா வேறொரு முடிவுக்கு வந்தார். கம்ப்ரஸரை அணைத்துவிட்டு அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது என்று பெரியவர்கள் நினைப்பார்கள்.

“கவர் போட்டும் உரியுதுன்னா அது எண்ணெ இல்ல. கை.”

“கைன்னா?”

“ராசி. அவன் அப்பன் வுட்டுட்டுப் போனான். இவன் பள்ளிக்கூடத்துல கால வெச்சான், அது வெளங்கல. இங்க வந்தான், இது வெளங்கல.”

“சர்ச்சுல பாட்டு படிக்கற வாயா இது?” என்றாள் அத்தை.

“சர்ச்சு வேற, தொழில் வேற.”

எங்கள் பக்கத்தில் புது ஆர்டர் வந்தால் முதல் ஜோடியை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். ராசியான கை என்று பேர் வாங்கிய ஆள் ஒருவர் எல்லாக் கம்பெனியிலும் இருப்பார், அவர்தான் தொடங்க வேண்டும். சாமி கும்பிடுகிறவர், ஜெபம் பண்ணுகிறவர், தொழுகிறவர் எல்லோருமே இதில் ஒன்று. அப்படியென்றால் ராசி இல்லாத கை என்று பேர் வாங்கியவனுக்கு அந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கிளில் ஒட்டாத பெயிண்ட் மாதிரி இல்லை அந்தப் பேர். அது ஒட்டினால் உரியாது. பதினான்கு வயதில் எனக்கு வேறு எந்தச் சொத்தும் இல்லை. இரண்டு கைதான் இருந்தது, அதையும் கெட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “கொஞ்ச நாளைக்கு ஷெட்டு பக்கம் போவாத. இந்த லாட் சரக்கு போவட்டும்.” மொட்டையடித்தபோதும் தின்னர் எரிந்தபோதும் நான் எதுவும் நினைக்கவில்லை. அவளும் நம்பிவிட்டாள் என்பதை அந்தச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

வேலை இல்லாதவனாக வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் தங்கச்சி தாயம் ஆடுவதைப் பார்த்தேன். தாயத்துக்குப் புளியங்கொட்டை தேய்த்த கை உங்களுக்கும் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபக்கத்தைக் கறுப்பாகவே விடுவோமே, அது. என் தங்கச்சி புளியங்கொட்டையோடு நிற்கிற ஆள் இல்லை. மூட்டையில் ஓரம் உடைந்து வந்த பக்கிள்கள் நான்கை அத்தையிடம் கேட்டு வாங்கி, துவைக்கிற கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வைத்திருந்தாள். பளபளப்பு போய், இங்கும் அங்கும் உள்ளேயிருந்த செம்பு நிறம் எட்டிப்பார்த்தது. மறுபக்கம் அப்படியே கண்ணாடி. நான் கடைசியாகப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தன.

பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தாள். பக்கிள்கள் தரையில் விழுந்தன. மூன்று கறுப்பு, ஒரு வெள்ளி.

“ஏய், இது எப்படி கறுப்பாச்சு?”

“அத்தை திருடிட்டா” என்றாள், ஆட்டத்திலிருந்து கண் எடுக்காமல்.

“இன்னாத்த திருடினாங்க?”

“போன லாட்டுல பக்கிள் பத்தலன்னு என் தாயக்கட்டையெல்லாம் அள்ளி உன் தட்டுல போட்டுட்டா. நீதான் தொடச்சு மாட்டின. மாமா ரெண்டு பக்கமும் அடிச்சிட்டாரு. அப்புறம் கம்பெனில சொரசொரன்னு இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் எடுத்துக்கினேன்.”

“ரெண்டு பக்கமும் கறுப்பா அடிச்சாருன்னா வெள்ளி எப்படி வந்துச்சு?”

“அந்தப் பக்கம் தானா உரிஞ்சிடுச்சு. தேய்ச்ச பக்கம் உரியல. இப்பத்தான் ஆட்டத்துக்கு நல்லாத் தெரியுது. தள்ளு, என் ஆட்டம்.”

நான் தள்ளவில்லை. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். கறுப்புப் பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். பல்லால் கடித்தேன். பூட்டுக்குள் நுழைகிற சாவியின் முனையால் இழுத்தேன். கோடு விழுந்தது, ஆனால் செதில் கிளம்பவில்லை. திருப்பினால் வெள்ளிப் பக்கத்தில், ஓரத்தில் மிச்சமிருந்த கறுப்பு, ஊதியதும் பறந்தது. ஒரே பக்கிள். ஒரே பெயிண்ட், ஒரே நாள், ஒரே கன். இரண்டு பக்கத்தையும் துடைத்தது என் ஒரே கை. ராசி கெட்ட கை என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படிக் கெடும்?

மாமா கன்னைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஷெட் வாசலுக்கு வெளியே நின்றே நீட்டினேன். வாங்கினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

“இத யார் தேய்ச்சது?”

“பாப்பா. தாயத்துக்கு. தேய்ச்ச எடத்துல ஒட்டிச்சு மாமா. எல்லாத்தையும் லேசா தேய்ச்சிட்டு அடிச்சா நிக்கும்.”

“தேய்க்கறது மூஞ்சி கெட்ட தோலுக்குடா.” குரல் உயரவில்லை. “ஆடு முள்ளுல கீறிக்கினு வந்திருக்கும், உண்ணி கடிச்சிருக்கும். அத பஃபிங்ல குடுத்துத் தேய்ச்சு, மேல பெயிண்ட் போட்டு மறைப்பாங்க. நல்ல மூஞ்சிய எவனாவது தேய்ப்பானா?”

“இது தோலு இல்லியே மாமா. மேலதான் பெயிண்ட் வந்துடுமே, யாருக்குத் தெரியப்போவுது?”

“அடியில இன்னா கீதுன்னு அடிக்கறவனுக்குத் தெரியும்.”

பக்கிளை என் காலடியில் போட்டார். “போ, தாயம் ஆடு.”

அந்த மனிதரின் அன்றைய வயதை நான் இப்போது கடந்துவிட்டேன். பிற்பாடு டேனரிகளில் நானும் கொஞ்ச காலம் கிடந்தேன். கீறல் இல்லாத ஒரு தோலை மேசையில் விரித்தால் சுற்றி நிற்கிறவர்கள் பேச்சைக் குறைப்பார்கள். ஒரு கீறலுக்காக வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது இருபது வருடம் அப்படி ஒரு மேற்பரப்பைத் தொடாமல் காப்பாற்றியவரிடம், முகம் பார்க்கிற மாதிரி மின்னுகிற ஒன்றைக் கொடுத்துச் சுரண்டு என்றால் கை எழாது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். பெயிண்ட் உரிகிறது என்று எத்தனை பேரிடம் கேட்டார். ஒருவர்கூடத் தேய்த்துப் பார் என்று சொல்லவில்லை. எனக்கு இது புரிகிறது. புரிந்துவிட்டது என்பதற்காக என் தலையை அவர் சிரைத்தது சரியாகிவிடாது.

சூப்பர்வைசர் கடைசி மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். இதுவும் உரிந்தால் இனி வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா ஞாயிறு பகலில் அடித்து, திங்கள் அனுப்புவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை எல்லோரும் சர்ச்சுக்குப் புறப்பட்டார்கள். வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். என்னால் வந்த தொல்லைகளில் இது சின்னது என்பதுபோல அம்மா பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஷெட்டுக்குள் போனேன். கவர் மாட்டவில்லை. தெருவில் ஸ்கூட்டர் மெக்கானிக் தேய்த்து எறிந்த வாட்டர் பேப்பர் துண்டுகளை, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் அந்த உப்புத்தாளை, முன்னாடியே பொறுக்கி வைத்திருந்தேன். புதுத்தாள் என்றால் ஆழமாகக் கீறியிருக்கும். தேய்ந்துபோன தாள் என்பதால் பிழைத்தது. அலுமினியத் தொட்டியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, மூட்டையைக் கவிழ்த்தேன்.

ஒவ்வொரு பக்கிளிலும் என் மொட்டைத் தலை தெரிந்தது, மூக்கு பெரிதாக. அந்தத் தலை மறையும் வரைக்கும் தேய்த்தேன். மறைந்ததும் நிறுத்தினேன். தங்கச்சி மாதிரி செம்பு தெரியும்வரை போகவில்லை, பளபளப்பு செத்தால் போதும் என்று கை சொன்னது. கம்பி கோக்கிற மூலைகளுக்குத் தாளை மடித்து முனையால் தேய்த்தேன். விரல் நுனிகள் உரிந்து தண்ணீர் லேசாகச் சிவந்தது. தூரத்தில் சர்ச் மணி அடித்தது, ஒரு பாட்டு முடிந்தது, பிரசங்கம் நீளமாகப் போனது. அந்த ஐயரின் நீளமான பிரசங்கத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே ஞாயிறு அதுதான். கடைசிப் பக்கிளைக் கழுவி, எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பினேன். ஒரு மூட்டை நிலாவைச் சாம்பலில் புரட்டியது போலக் கிடந்தன.

மாமா வெள்ளைச் சட்டையோடு, கையில் பைபிளோடு வந்து நின்றார். துணியைப் பார்த்தார். பைபிளை அத்தையிடம் கொடுத்தார். பிறகு அறைந்தார்.

“கம்பெனி சரக்குடா! எவன்டா பதில் சொல்றது?”

“என் கை இல்ல மாமா. அடிச்சுப் பாருங்க.”

“இன்னொண்ணும் அடிக்கணுமா?”

“பெயிண்ட அடிச்சுப் பாருங்க. உரிஞ்சா என்ன வெட்டிப் போடுங்க. உரியலன்னா இத்தன நாளா சொன்னத வாபஸ் வாங்குங்க.”

“பேச்ச பாரு. வாபஸ் வாங்கணுமாம் தொர.”

அத்தை அதற்குள் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டப்பாவில் ஒவ்வொன்றாக விழுந்த சத்தம் கேட்டது. “கத்தி இன்னா ஆவப்போவுது? நாளைக்கு வண்டி வரும். வேற மூட்ட கீதா உங்கிட்ட? உரிஞ்சாலும் ஒட்டினாலும் இதத்தான் அடிக்கணும். கம்ப்ரஸர போடு.”

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: “இவன் நிக்கற எடத்துல நான் ஸ்ப்ரே கன்ன தொட மாட்டேன்.”

அம்மா வாசலில் நின்றிருந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய நீலப் புடவை. என் கன்னத்தைப் பார்த்தாள், துணியில் கிடந்ததைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

“வெளியில போய் நில்லுடா” என்றாள்.

வெளியில் போனேன். நிற்கவில்லை.

கம்ப்ரஸர் கிளம்பும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. தெருமுனையில் தங்கச்சி ஓடிவந்து பிடித்தாள். எங்கே என்று கேட்கவில்லை. பக்கிள் ஒன்றை என் கையில் திணித்தாள். “மாமா நம்பலன்னா வேற யாருக்காவது காட்டு. ஆனா திருப்பிக் குடுத்துடணும். ஆட்டத்துக்கு நாலு வேணும்.”

திருப்பிக் கொடுக்கவில்லை. ஓசூர், திருப்பூர், நாட்றம்பள்ளி என்று சுற்றியதில் எங்கேயோ ஒரு பெட்டியோடு அதுவும் போய்விட்டது. அவள் இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனில் பேசும்போது இன்றும் “என் தாயக்கட்டை எங்கடா?” என்கிறாள்.

அந்த மூட்டை உரியவில்லை. எனக்கு அது தெரிய வெகுநாள் ஆனது. கம்பெனி அடுத்த மூட்டை அனுப்பியது, அதற்கடுத்ததும். ஷெட் பல வருடம் ஓடியது. மாமா ஒவ்வொரு மூட்டையையும் தேய்த்துத்தான் அடித்தார். ஆனால் ‘தேய்ப்பது’ என்ற சொல்லை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. “பேப்பர் போட்டுக் கழுவறது” என்பாராம். ஷெட்டில் வேலைக்கு வந்த பெண்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். குடும்பத்தில் கதை வேறு மாதிரி நின்றது. மாமா மகள் கல்யாணத்தில், என் நரைத்த தலையைப் பார்த்து ஒரு பெரியவர் அன்பாகத்தான் சொன்னார்: “நீ போன அப்புறம்தான்டா ஷெட்டு தூக்கிச்சு.” பந்தியில் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் போனதால் ராசி திரும்பியதாம். இலை முன் உட்கார்ந்தபடியே சொன்னேன், நான் போகும்போது தேய்த்துவிட்டுப் போனேன், அதனால் தூக்கியது என்று. யாரும் கேட்கவில்லை. அப்போது பாயசம் வந்தது.

அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். குரோம் முலாம் பூசிய பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்க வேண்டுமென்றால், முதலில் சோப்பில் கழுவுங்கள். பிறகு தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால், உங்கள் முகம் அதில் மறையும் வரை தேயுங்கள். முலாம் ஏற்கெனவே எழும்பியிருந்தால் அந்த இடத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். மறுபடி கழுவி, காயவைத்து, அப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள். எண்ணெய் ஆகாதுதான். பிரைமரை மெல்லிசாக அடியுங்கள், காயவிடுங்கள். நிறத்தை ஒரே மூச்சில் கெட்டியாக அப்பாமல் மெல்லிசாகப் பலமுறை அடியுங்கள். மேலே லாக்கர். உடனே பெட்டியில் அடுக்காமல் நன்றாக இறுக விடுங்கள். இதில் எங்கேயும் ராசிக்கு வேலை இல்லை.

பள்ளிகொண்டா போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒரு ஓட்டலில் தட்டு கழுவிக் கொடுத்து மிச்சப் பரோட்டா தின்றேன். முதலாளி, “நல்லா கழுவுற, இங்கயே இருந்துக்கோடா” என்றார். இருக்கலாம்தான், சோறு நிச்சயம். ஆனால் அங்கே இருந்தால் ஆம்பூரில் சொன்னது அப்படியே நின்றுவிடும் என்று தோன்றியது. எங்கே படுத்தேன் என்பது முக்கியமில்லை. காலையில் எழுந்ததும் தின்னர் வாசனை வரும் பக்கமாக நடந்தேன்.

ஹைவே ஓரத்தில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு ஷெட். மேஸ்திரி பனியனோடு வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு நின்றார்.

“இன்னாடா மொட்ட, யாரு வேணும்?”

“வேலை வேணும்ணா.”

“இன்னா தெரியும்?”

பக்கிளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கறுப்புப் பக்கத்தை நகத்தால் சுரண்டினார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து இழுத்தார். திருப்பினார். வெள்ளிப் பக்கத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினார். செதில் ஒட்டி வந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

“ஒரே பீசா?”

“ஒரே பீசு.”

“யார் வேல இது?”

“தேய்ச்சது எந்தங்கச்சி. அடிச்சது எங்க மாமா.”

“அப்ப நீ இன்னா பண்ண?”

“நாந்தான் பாத்தேன்.”

என்னைப் பார்த்தார். கன்னத்தையும் பார்த்திருப்பார். பக்கிளை என்னிடமே கொடுத்தார். தண்ணீர் வாளியைக் காலால் என் பக்கம் தள்ளி, ஒரு வாட்டர் பேப்பரை இரண்டாகக் கிழித்துப் பாதியை நீட்டினார். சுவரில் சாய்த்து வைத்திருந்த லாரிக் கதவைக் காட்டினார். பழைய பச்சைப் பெயிண்ட், இன்னும் பளபளவென்று இருந்தது.

“அந்தப் பளபளப்பு போவணும். ஒரு எடம் வுடக் கூடாது.”

கையை வாளிக்குள் விட்டேன்.